கருங்கல்லுக்குப் பேர் வைத்த தாமஸ் ஹாலண்ட்

மயிலாப்பூர் தெப்பக்குளத்தைப் பார்க்காதவர் நம்ம பாலிடெக்னிக்கில் யாரும் இருக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணி மேல் படி வரைக்கும் ஏறும். சித்திரை, வைகாசியில் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து வெயிலில் சுடும். வெறுங்காலில் நிற்க முடியாது. அந்தப் படிக்கட்டுக் கல் வருஷா வருஷம் நனையுது, காயுது, மறுபடி நனையுது. சுற்றியுள்ள வீடுகள் எத்தனை தடவை இடித்துக் கட்டப்பட்டிருக்கும்! படிகள் அப்படியே இருக்கின்றன.

இதே நனைவும் காய்வும் வேறொரு ஊரில் ஒரு மலையையே சரித்துவிட்டது. ஒரே தண்ணி, ஒரே வெயில், ஆனால் ஒரு கல் நிற்கிறது, ஒரு கல் மாவாகிறது. ஏன்? சிவில் டிப்ளமோ படிக்கிற நமக்கு இதைவிட முக்கியமான கேள்வி அதிகம் இல்லை என்பேன். இந்த இரண்டு கற்களையும் நேரில் பார்த்து எழுதிய ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்த மலரில் சொல்லப் போகிறேன். நம்ம ஊர்க் கருங்கல்லுக்கு உலகப் பெயர் கொடுத்தவர் அவர். சர் தாமஸ் ஹென்றி ஹாலண்ட்.

1868 நவம்பர் 22-ம் தேதி, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் பகுதியிலுள்ள ஹெல்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். கார்ன்வால் என்றாலே சுரங்கம்தான். தகரம், செம்பு என்று பூமியைக் குடைந்து பிழைத்த ஊர்கள். உதவித்தொகை வாங்கி லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சயின்ஸில் படித்தார். படிப்பில் கெட்டி. 1890-ல், இருபத்திரண்டு வயது நிரம்புவதற்கு முன்பே, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் (அதுதாங்க, நாம ஜி.எஸ்.ஐ. என்கிறோமே) வேலை கிடைத்து கல்கத்தா வந்து இறங்கினார். நம்மில் பலர் மூணாவது வருஷ அரியரை முடிக்கிற வயசு அது!

கல்கத்தாவில் அவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று துறையின் அருங்காட்சியகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் பார்த்துக்கொள்வது. கூடவே பிரசிடென்சி காலேஜ் பையன்களுக்கு ஜியாலஜி பாடமும் எடுத்தார். நாடு முழுவதிலிருந்தும் வருகிற கல் துண்டுகளைக் காகிதம் மாதிரி மெல்லிசாகத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கருங்கல்லும் ஒண்ணுதான். உள்ளே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதகம்.

இங்கேதான் ஒரு சமாதி கதைக்குள் வருகிறது. கல்கத்தா நகரம் உருவாகக் காரணமானவர் என்று வெள்ளைக்காரர்கள் கொண்டாடிய ஜாப் சார்னாக் 1693 ஜனவரியில் இறந்தார். அவருடைய மாப்பிள்ளை சார்லஸ் ஐயர் ஒரு சமாதி கட்டினார். இன்றைக்கும் அது செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்தில் இருக்கிறது. வங்காளத்து வண்டல் பூமியில் கல்லுக்கு எங்கே போவது? தோண்டினால் களிமண்தான் வரும். அதனால் கல்வெட்டுக்கான பலகைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனது. அப்போது சென்னை கோட்டையும் கல்கத்தா கோட்டையும் ஒரே கம்பெனிக்காரர்களுடையது, ஆகவே இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஹாலண்ட் அந்தக் கல்லைப் பார்த்தார். நீலமும் சாம்பலும் கலந்த நிறம், எண்ணெய் தடவின மாதிரி ஒரு பளபளப்பு. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம், கொஞ்சம் இரும்புத் தாது. சாதாரண கிரானைட்டில் ஹைப்பர்ஸ்தீன் இருக்காது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருக்கிற பாறையும் இதுவும் ஒன்றே என்று கண்டுபிடித்தார். தனியாக ஒரு பெயர் தர வேண்டிய பாறை என்று முடிவு செய்து, சமாதிக்குள் இருப்பவரின் பெயரையே வைத்தார். 1893-ல் சார்னாக்கைட் பிறந்தது. 1900-ல் இந்தப் பாறைக் குடும்பம் முழுவதையும் பற்றி ஜி.எஸ்.ஐ. வெளியீடாகப் பெரிய நூலே எழுதினார். இன்றைக்கு அண்டார்டிகாவிலோ நார்வேயிலோ ஒரு ஜியாலஜிஸ்ட் இந்த வகைப் பாறையைக் கண்டால் அதே பேரைத்தான் எழுதுவார்.

எனக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. கல் நம்முடையது, உளி பிடித்தவன் நம்மாள், பெயர் மட்டும் கல்கத்தா வெள்ளைக்காரருடையது. பல்லாவரைட் என்று வைத்திருந்தால் குறைந்தா போயிருக்கும்? போகட்டும். பரங்கிமலைப் பாறையை ஜி.எஸ்.ஐ. தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது. அந்த வரையில் நம்ம ஊருக்கு மரியாதை கிடைத்தாயிற்று.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிப்பீர்கள். ஹாலண்ட் இந்தப் பாறையை ஆராய்ந்த நாட்களில் தி.நகரே கிடையாது. மவுண்ட் ரோடுக்கு மேற்கே நீளமாக ஒரு ஏரி கிடந்தது. அதை வற்றவைத்து மனை பிரித்தது 1923-க்கு அப்புறம்தான். உஸ்மான் ரோடில் புடவை வாங்குகிற கூட்டமெல்லாம் பழைய ஏரிக்கரைப் பக்கம்தான் நிற்கிறது. அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போது அங்கே களிமண் வருவதற்கும், மழையில் அது உப்பி கோடையில் வெடிப்பதற்கும் வேறு காரணம் தேட வேண்டாம்.

சரி, மலை சரிந்த கதைக்கு வருவோம். 1893 செப்டம்பரில், பெயர் வைத்த அதே வருஷம், இமயமலையில் கார்வால் பகுதியில் கோனா என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு மலைச்சரிவு அப்படியே பெயர்ந்து பிரஹி கங்கை ஆற்றில் விழுந்தது. பள்ளத்தாக்கை சுமார் 900 அடி உயரத்துக்கு அடைத்துவிட்டது. பின்னால் தண்ணீர் தேங்கி ஏரி வளர ஆரம்பித்தது. கீழே அலக்நந்தா கரையில் ஊர்கள், அதற்கும் கீழே ஹரித்வார். ஏரி உடைந்தால் என்ன ஆகும்?

அடுத்த வருஷம் அந்த இடத்தைப் பார்த்து அறிக்கை எழுத அனுப்பப்பட்டவர் ஹாலண்ட். வயது இருபத்தஞ்சு. மலை ஏன் விழுந்தது என்று அவர் பார்த்த விதம் நமக்குப் பாடம். பாறை அடுக்குகள் பள்ளத்தாக்கைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே ஷேல், அதாவது களிமண் இறுகிக் கல்லான மெல்லிய அடுக்குகள். அடியை ஆறு அரித்துக்கொண்டிருந்தது. மேலே இருந்து மழைத் தண்ணி விரிசல் வழியே உள்ளே போய் அந்த ஷேலைத் தளர்த்தியது. மலை ஒரே நாளில் பலவீனமாகிவிடவில்லை. பல நூறு பருவ மழை நனைத்து, பல நூறு கோடை காய்ச்சி, அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் இருந்த பிடி கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தது. 1893 மழை கடைசித் தள்ளு, அவ்வளவுதான்.

அங்கே பொறியாளர்கள் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். புல்ஃபோர்ட் என்ற அதிகாரி, ஏரி நிரம்ப ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும், 1894 ஆகஸ்டில் வழியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டார். கோனாவிலிருந்து கீழே வரைக்கும் தந்திக் கம்பி இழுத்தார்கள். கரையோர ஜனங்களுக்கு எவ்வளவு உயரத்துக்கு வெள்ளம் வரும் என்று கல் நட்டு அடையாளம் காட்டினார்கள். ஆகஸ்ட் 25-ம் தேதி ஏரி வழிந்தது. அன்றிரவே அணை அறுத்துக்கொண்டு போனது. ஸ்ரீநகர் (காஷ்மீர் இல்லை, கார்வால் ஸ்ரீநகர்) அடையாளம் தெரியாமல் போயிற்று. ஆனால் செத்தவர்கள் ஐந்தே பேர். அப்புறப்படுத்தியும் திரும்பி வந்து உட்கார்ந்த ஒரு பக்கிரியும் அவர் குடும்பமும். மொபைல் இல்லாத, ரேடியோவே இல்லாத காலத்தில் இது! 1894-ல் முடிந்தது இன்றைக்கு நமக்குப் பல இடங்களில் முடிவதில்லை என்பதை நினைத்தால் வாய் அடைத்துப் போகிறது.

கோனா வேலையைப் பார்த்த அரசாங்கம் ஹாலண்டை நைனிதாலுக்கும் அனுப்பியது. அங்கே 1880 செப்டம்பர் 18-ம் தேதி நடந்த சரிவில் 151 பேர் மண்ணுக்குள் போயிருந்தார்கள். சுற்றியுள்ள சரிவுகள் எந்த அளவுக்கு நிற்கும் என்று ஆராய்ந்து 1897-ல் அறிக்கை கொடுத்தார். இப்படி முப்பது வயதுக்குள் அவர் கற்றுக்கொண்டது, பாறையை எடுத்த எடுப்பில் நம்பக்கூடாது, அதற்குள் தண்ணி போகிற வழியைப் பார்க்க வேண்டும் என்பது.

இப்ப கொஞ்சம் லேபுக்குள்ள போவோம். ஹாலண்ட் காலத்தில் கண்ணால் பார்த்துச் சொன்னதை இன்றைக்கு நாம் அளக்கிறோம். எப்படி?

ஷேல் மாதிரிப் பாறைக்கு ஸ்லேக் டியூரபிலிட்டி என்று ஒரு சோதனை. ஃபிராங்க்ளின், சந்திரா என்ற இருவர் 1972-ல் வெளியிட்டது. நம்ம ஐ.எஸ். 10050-ம் இதைத்தான் சொல்கிறது. 40 முதல் 60 கிராம் எடையுள்ள பத்துக் கல் துண்டுகளை அடுப்பில் 105 டிகிரியில் காயவைத்து, 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை டிரம்மில் போட்டு, பாதி தண்ணியில் முங்கியபடி நிமிஷத்துக்கு 20 சுற்று வீதம் பத்து நிமிஷம் சுற்றுவார்கள். எடுத்துக் காயவைத்து, மறுபடி ஒரு தடவை. மிச்சம் எவ்வளவு எடை இருக்கிறதோ அதுதான் மார்க். நல்ல சார்னாக்கைட் போட்டால் கிட்டத்தட்ட போட்டது அப்படியே திரும்பி வரும். மோசமான ஷேல் போட்டால் டிரம்மில் சேறுதான் இருக்கும்.

ஜல்லிக்கு வேறு சோதனை. சோடியம் சல்பேட் கரைசலில் ஊறவைத்து, காயவைத்து, ஐந்து சுற்று. ஐ.எஸ். 2386 ஐந்தாம் பாகம். எடைக் குறைவு சோடியம் சல்பேட்டில் 12 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, மெக்னீசியம் சல்பேட் என்றால் 18. உப்பு எதுக்கு என்று கேட்கலாம். கல்லின் துளைக்குள் போன உப்புக் கரைசல் காயும்போது படிகமாகி உள்ளேயிருந்து தள்ளும். பல வருஷத்து வெயிலும் மழையும் செய்கிற வேலையை ஒரு வாரத்தில் செய்து காட்டுகிற தந்திரம் இது. சாந்தோம், பெசன்ட் நகர் கடற்கரை ஓரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை தினமும் இலவசமாக நடக்கிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் சிற்பங்களின் முகம் மழுங்கிப் போனதற்கும் உப்புக் காற்றுதான் பெரிய காரணம்.

அடிப்படை என்னவென்றால், காய்ந்த கல்லின் துளைக்குள் காற்று இருக்கும். திடீரென்று தண்ணி நாலா பக்கமும் நுழைந்தால் அந்தக் காற்று மாட்டிக்கொண்டு அழுத்தும். களிமண் கனிமம் இருந்தால் அது உப்பும், காயும்போது சுருங்கும். சுண்ணாம்பு போன்ற பசை இருந்தால் கொஞ்சம் கரையும். களிமண்ணே இல்லாத குவார்ட்ஸ் பாறையில்கூட, விரிசலின் நுனியில் சிலிக்கனும் ஆக்சிஜனும் பிடித்திருக்கிற பிணைப்பைத் தண்ணி பலவீனப்படுத்துகிறது. 1965-ல் தென்னாப்பிரிக்காவில் கோல்பாக், விய்ட் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில், நன்றாக நனைந்த மணற்பாறையும் ஷேலும் காய்ந்த நிலையில் தாங்கியதில் பாதியளவே தாங்கின. பாதி! டிசைனில் இதை விட்டுவிட்டால் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று நாம் எழுதுகிற எண்ணுக்கு அர்த்தம் உண்டா?

இன்னொன்று. லேபில் ஒரு கல்லை ஐந்து நிமிஷத்தில் நசுக்கிப் பார்த்து வருகிற எண் வேறு. அதே கல் ஐம்பது வருஷம் அதே பாரத்தைச் சுமந்து நிற்கும் சக்தி வேறு. நிலையான பாரத்தின் கீழ் விரிசல்கள் மெதுவாக நீளும். நனைந்து காய்கிற இடத்தில் அவை வேகமாக நீளும். பெரும்பாலான மணற்பாறைச் சோதனைகளில் முதல் சில சுற்றுகளிலேயே வலிமை வேகமாகக் குறைகிறது, அப்புறம் மெதுவாகக் குறைகிறது. சீனாவில் த்ரீ கார்ஜஸ் அணையின் நீர்மட்டம் வருஷத்துக்கு ஒரு முறை 145 மீட்டருக்கும் 175 மீட்டருக்கும் இடையே ஏறி இறங்குவதால், அந்த முப்பது மீட்டர் பட்டையில் உள்ள கரைப் பாறைகளைப் பற்றி அங்கே விடாமல் ஆராய்கிறார்கள். நம்ம அடையாற்றில், முகத்துவாரம் திறந்திருக்கும்போது பாலத் தூண்களில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணி ஏறி இறங்குகிறது. எப்போதும் நீருக்குள் இருக்கிற அடிப்பாகத்தைவிட, எப்போதும் காய்ந்திருக்கிற மேல்பாகத்தைவிட, நடுவில் நனைந்து காய்கிற அந்தப் பட்டைதான் முதலில் கெடும். அடுத்த தடவை திரு.வி.க. பாலத்தில் பஸ் நிற்கும்போது எட்டிப் பாருங்கள்.

அப்படியானால் சார்னாக்கைட் மட்டும் ஏன் இப்படி நிற்கிறது? அது தண்ணியே இல்லாத இடத்தில் பிறந்த கல். பூமிக்கு அடியில் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டில் உருவானது. சென்னைப் பக்கத்து சார்னாக்கைட்டுக்கு வயது சுமார் 250 கோடி வருஷம். ஹைப்பர்ஸ்தீன் தன் உடம்பில் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளாத கனிமம். கல்லின் மணிகள் ஒன்றோடு ஒன்று இறுகப் பின்னியிருப்பதால் நீர் உறிஞ்சுவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. உள்ளே போக வழியில்லாதபோது தண்ணி என்ன செய்யும்?

ஆனால் அது சாகாத கல் என்று நினைத்துவிடாதீர்கள். நீலகிரியும் இதே சார்னாக்கைட் குடும்பம்தான். ஊட்டி, குன்னூர் பாதையில் சாலை வெட்டிய இடங்களைப் பாருங்கள். பாறை பல மீட்டர் ஆழத்துக்குச் சிவப்பு மண்ணாகிக் கிடக்கும், நடுநடுவே வெங்காயச் சருகு மாதிரி உரிந்த உருண்டைக் கல். விரிசல் வழியாக நுழைந்த தண்ணி, கோடிக்கணக்கான வருஷங்களில் ஹைப்பர்ஸ்தீனையும் ஃபெல்ட்ஸ்பாரையும் களிமண்ணாக்கி இருக்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் மழை கொட்டியபோது அந்த மண் சரிந்து 40 பேருக்கும் மேல் இறந்தார்கள். பல்லாவரத்தில் சம்மட்டியைத் திருப்பியடிக்கிற அதே பாறை, அங்கே மண்வெட்டிக்கே விட்டுக்கொடுக்கிறது.

இந்த மாறுதலை ஹாலண்ட் விட்டுவைக்கவில்லை. 1903-ல் லேட்டரைட் என்கிற செம்புறாங்கல் பற்றிக் கட்டுரை எழுதினார். மழைக்காலமும் வறண்ட காலமும் மாறி மாறி வரும் வெப்ப நாடுகளில்தான் இது உண்டாகிறது. சிலிக்கா கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் தங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று அப்போதே யோசித்தார். அதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் இப்போது பாறை சிதைவதில் நுண்ணுயிர்களின் வேலையைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை. செம்புறாங்கல்லில் ஒரு வேடிக்கை. பூமியில் ஈரமாக இருக்கும்போது கோடாரியால் வெட்டலாம், வெட்டி வெளியே போட்டால் காயக் காய இறுகிவிடும். கேரளத்தில் வீடு கட்டுவதே அதை வைத்துத்தான். ஆக, காய்வது என்றாலே கெடுதல் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்தக் கல், எந்தக் கனிமம் என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் எனக்கு அடையாறு பக்கம் ஒரு சைட்டில் டிரெய்னிங். பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய மனை. காம்பவுண்டு சுவர் அஸ்திவாரத்துக்கு லாரியில் கருங்கல் வந்து இறங்கியது. மேஸ்திரி அண்ணன் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். சில கல் கணீர் என்றது. சில கல் டொக்கு. டொக்கு என்றதை உடைத்துக் காட்டினார். உள்ளே நீலம் இல்லை, பழுப்பு. கைவிரலால் சுரண்டினால் பொடி வந்தது. குவாரியின் மேல்வாய்க் கல் தம்பி, கிணறு வெட்டுறவங்க சுக்காம்பாறைன்னு சொல்ற ஜாதி, இப்ப பாரம் தாங்கும், கால்வாய்த் தண்ணி நாலு மழைக்கு ஏறி இறங்கினா கரைஞ்சிடும் என்று எனக்கு விளக்கினார். லாரிக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. பொறுப்பில் இருந்தவருக்கோ அன்றைக்கே வேலை முடிய வேண்டும். கடைசியில் பாதி லோடு திரும்பிப் போனது, மீதி பாதி மண்ணுக்குள் போனது. அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சுவருக்கு எதிர்ப் பக்கமாகத்தான் நடக்கிறேன்! ஹாலண்ட் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை மேஸ்திரி அண்ணன் காதால் கேட்டார். இரண்டும் ஒரே படிப்புதான்.

நம்ம ஹாலண்டுக்குத் திரும்புவோம். 1903-ல், முப்பத்தைந்து வயது ஆவதற்கு முன்பே, ஜி.எஸ்.ஐ.யின் இயக்குநர் ஆனார். 1904-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1908-ல் சர் பட்டம். இதற்கிடையே கோயம்புத்தூர் பக்கம் காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பாறைகளைப் பற்றி எழுதிய நூல் 1901-ல் வந்தது. முருகன் கோயில் இருக்கிற அதே சிவன்மலைதான். நாட்டின் கனிம உற்பத்தியை ஐந்தாண்டுக்கு ஒரு முறை தொகுத்து எழுதும் வழக்கத்தையும் அவரே தொடங்கி வைத்தார். பிறகு மான்செஸ்டரில் பேராசிரியராகப் போய்விட்டார்.

முதல் உலகப் போர் அவரை மறுபடி இங்கே இழுத்தது. 1916-ல் அமைத்த இந்தியத் தொழில் கமிஷனுக்குத் தலைவர் அவர்தான். அந்தக் கமிஷனில் நம்ம ஊர்க்காரர் என்று உரிமையோடு சொல்லக்கூடிய ஆல்ஃபிரட் சாட்டர்டன் இருந்தார். சென்னை எஞ்சினியரிங் காலேஜில் பேராசிரியராக வந்து, இங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தவர். நம்ம வீட்டு அலுமினியக் குண்டானுக்கு அவரும் ஒரு விதத்தில் தாத்தா. பண்டித மதன் மோகன் மாளவியாவும் உறுப்பினர். 1918-ல் வந்த அறிக்கை, தொழில் வளர்ச்சியில் அரசாங்கம் நேரடியாக இறங்க வேண்டும், தொழில்நுட்பப் பயிற்சியைப் பெருக்க வேண்டும் என்று சொன்னது. மாளவியா சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் தனியாக நீண்ட மறுப்புக் குறிப்பு எழுதினார். இந்தியத் தொழில்கள் எப்படி அழிந்தன என்பதை மற்றவர்கள் சரியாகச் சொல்லவில்லை என்பது அவருடைய குறை. நியாயமான குறை என்றே எனக்குப் படுகிறது. பாறையில் விரிசல் எங்கே தொடங்கியது என்று அவ்வளவு கூர்மையாகப் பார்த்த மனிதர், ஒரு நாட்டின் தொழில் ஏன் நொறுங்கியது என்பதில் தன் அரசாங்கத்தின் பக்கம் அவ்வளவாகப் பார்க்கவில்லை.

1920-ல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினர் ஆனார். அடுத்த வருஷமே சறுக்கல். போர்த் தளவாட விவகாரத்தில் கல்கத்தாவில் நடந்துகொண்டிருந்த ஒரு மோசடி வழக்கை அரசாங்கம் திரும்பப் பெற்றது. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தவர் ஹாலண்ட். பெரிய கூச்சல் எழுந்தது. அப்போது வைஸ்ராய் லார்ட் ரீடிங், முன்னாளில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி. வழக்கு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுப்பாரா? 1921-ல் ஹாலண்ட் பதவி விலகி ஊர் திரும்பினார். முப்பது வருஷ இந்திய வாழ்க்கை இப்படி முடிந்தது.

ஆனால் மனிதர் உடைந்துவிடவில்லை. 1922 முதல் 1929 வரை லண்டன் இம்பீரியல் காலேஜின் தலைவர், 1929 முதல் 1944 வரை எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தலைவர். 1947 மே 15-ம் தேதி காலமானார். மூணு மாதம் கழித்து இந்தியா சுதந்திரம் அடைந்தது.

சார்னாக்கைட் பற்றி அவர் சொன்ன ஒரு கருத்து மட்டும் இன்னும் சண்டையில் இருக்கிறது. அது உருகிய குழம்பு குளிர்ந்து உண்டான பாறை என்றே அவர் நம்பினார். அப்புறம் வந்தவர்கள், ஏற்கெனவே இருந்த பாறை கடும் சூட்டில் நீரை இழந்து உருமாறியது என்றார்கள். 1960-ல் சி.எஸ். பிச்சமுத்து கர்நாடகத்தில் கப்பல்துர்கா என்ற இடத்தில், சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் திட்டுத் திட்டாகக் கருமையான சார்னாக்கைட் உருவாகிக்கொண்டிருந்த நிலையிலேயே உறைந்து நிற்பதைக் காட்டினார். பாறைக்குள் கார்பன் டை ஆக்சைடு நிறைந்த திரவம் புகுந்து தண்ணியை விரட்டியிருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. இல்லை, சில இடங்களில் ஹாலண்ட் சொன்ன மாதிரி குழம்பிலிருந்து வந்ததும் உண்டு என்று இன்னொரு கட்சி. இப்போது இரண்டு விதமும் இருக்கிறது என்கிறார்கள். அந்தத் திட்டுகளைப் பார்க்க இன்றைக்கும் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் கப்பல்துர்காவுக்கு வருகிறார்கள். பரங்கிமலைக்கு வர நமக்கு மின்சார ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. சுத்தியல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட பாறை. தடவிப் பார்க்கலாம், தடை ஒன்றும் இல்லை.